மூன்றாவது அறையில் என் ஷட்டகர்

விதி ஆறு: ‘எந்த விளையாட்டையும் முழுவதும் ஆடி முடிக்காமல் நடுவர்கள் அதற்கு மதிப்பெண் இடக் கூடாது.’

படித்தீர்களா? இதில் ஏதாவது குழப்பம் உண்டா? ‘கூடாது’ என்றால் கூடாதுதானே? சர்வீஸ் முழுக்க விதிகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். ‘இயன்றவரை’, ‘பொதுவாக’ என்று ஓட்டை வைத்து எழுதிய விதிகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். இது ஓட்டையே இல்லாத விதி. அப்படியும் என் விளையாட்டை யாரும் முடிக்காமலே மதிப்பெண் போட்டுவிட்டார்கள். நூற்றுக்குப் பதினொன்று.

போன வெள்ளிக்கிழமைதான் இந்த விவகாரத்தில் பதில் வந்தது. வயிற்றெரிச்சல் ஆறுவதற்குள் உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

மெட்ராஸ் சென்னையான மறுவருடம், பனகல் பார்க் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஓய்வு பெற்றவர்களுக்கென்று மத்தியான பேட்ச் ஒன்று ஆரம்பித்தார்கள். நான் சேர்ந்தேன். கூடவே ரங்கனும் சேர்ந்தார். ரங்கன் என் மனைவியின் தங்கை கணவர். எங்கள் வீட்டில் ஷட்டகர் என்போம்; உங்கள் வீட்டில் சகலையாக இருக்கும். எந்தப் பெயரில் சொன்னாலும் ஒரே வியாதிதான். அவர் ஸ்கூட்டர் வாங்கினால் நமக்குக் கால் வலிக்கும். அவர் மேற்கு மாம்பலத்தில் வீடு கட்டினால் நம் மயிலாப்பூர் ஃப்ளாட்டில் காற்று நின்றுவிடும்.

படிப்பு முடிந்ததும் ஒரு போட்டி. ஆளுக்கொரு கம்ப்யூட்டர் விளையாட்டு எழுத வேண்டும்.

நான் எழுதியதன் பெயர் ‘கதவு’. மூன்று அறைகள். முதல் அறையில் ஒரு கொத்துச் சாவி, எதுவும் பொருந்தாது. காரணம், கதவு பூட்டப்படவே இல்லை... தள்ளினால் போதும். இரண்டாவது அறையில் எங்கு பார்த்தாலும் கண்ணாடி. வந்த வழியே திரும்பினால்தான் வெளியேறலாம். மூன்றாவது அறையில் ஒரே ஒரு மூடிய கதவு. ‘இனி என்ன செய்வீர்கள்?’ என்று ஒரு கேள்வி. அவ்வளவுதான். எந்த விசையை அமுக்கினாலும் திறக்காது. ஐந்து நிமிடம் எதையும் தொடாமல் சும்மா இருந்தால் தானாகத் திறக்கும்.

சும்மா இருப்பதே சுகம் என்று நம் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்ததை நான் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தேன். நோபல் பரிசு வேண்டாம். ஒரு சபாஷ் வராதா?

ரங்கன் எழுதியதன் பெயர் ‘பந்தி’. திரையில் நீளமாக ஒரு கல்யாணப் பந்தி. ஒருவர் தலைக்கு மேல் ‘ரசம்’ என்று வரும். அம்புக்குறியை அமுக்கி வாளியோடு ஓட வேண்டும். தாமதித்தால் அவர் இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவார். மூன்று பேர் எழுந்துவிட்டால் சம்பந்தி கோபித்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஆட்டம் முடிந்தது.

இரண்டில் எதற்கு முதல் பரிசு என்று நான் சொல்லவும் வேண்டுமா?

பரிசு போனது கூடப் பெரிதில்லை. கூட்டம்! ‘பந்தி’ ஓடும் கம்ப்யூட்டரைச் சுற்றி எப்போதும் ஏழெட்டுப் பேர். “நாலாவது எலை சார், பாயசம் கேக்கறான் சார், ஓடு ஓடு!” என்று கத்துவது யார் என்று பார்த்தால், சென்டர் வாட்ச்மேன் முனுசாமி. சாப்பாட்டு வேளையில் அவருக்கும் ஒரு ஆட்டம் உண்டு. ஒருநாள் அவரைக் கையைப் பிடித்து அழைத்துவந்து என் ‘கதவு’ முன்னால் உட்கார்த்தினேன். மூன்றாவது அறை வரை நானே கொண்டுவந்து விட்டேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இன்னா சார் இது? மூடுன கதவ எதுக்க வெச்சுட்ட. யாருனா வர்வாங்களா?”

“யாரும் வரமாட்டா. நீ கதவைப் பாத்துண்டு உக்காரணும்.”

“அத்தத்தான சார் காலைலேர்ந்து செஞ்சுகினு கீறேன்? அதுக்கு சம்பளம் குடுக்கறாங்க சார்!”

எழுந்து பந்திக்குப் போய்விட்டார்.

அன்று ராத்திரி சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. ஆனால் யோசிக்க யோசிக்க ஒரு விஷயம் பிடிபட்டது. பந்தியை அடுத்தவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தே ரசிக்கலாம். என் விளையாட்டை எட்டிப் பார்த்தால் என்ன தெரியும்? ஒரு கதவும், அதன் எதிரே ஒரு முழிக்கும் மனிதனும். பந்தியில் ‘நாற்பது இலை’ என்று எண்ணிக்கை உண்டு. பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லலாம். என் விளையாட்டை முடித்தவர் போய் என்ன சொல்வார்? ‘எனக்கு ஞானம் வந்தது, உங்களுக்கு எவ்வளவு?’ என்றா?

இன்னொரு சங்கடம். பந்தியை எல்லாருக்கும் விளக்கிவிடலாம்; விளக்கினாலும் உயிரோடு இருக்கும். என் விளையாட்டில் வழியைச் சொன்னால் விளையாட்டு செத்துவிடும். சொல்லாவிட்டால் ஆடுபவர் எழுந்துவிடுவார். ஆபீசில் நாள் முழுக்க பதில் தெரியாத கேள்விகளோடு மல்லுக்கட்டிவிட்டு, 12பி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறவனிடம் இன்னொரு கேள்வியை நீட்டினால்? தத்துவமும் புதிரும் சேர்ந்த விளையாட்டு ஊரெல்லாம் பரவாததற்கு ஊரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இதெல்லாம் புத்திக்குத் தெரிகிறது. வயிற்றுக்குத் தெரிய வேண்டாமா?

நவராத்திரிக்கு வந்த சொந்தக்காரர்களில் கம்ப்யூட்டர் உள்ளவர்களுக்கு வெற்றிலை பாக்கோடு ஒரு ஃப்ளாப்பியும் கொடுத்தேன். ஒருவராவது ஆடி முடிக்கமாட்டாரா என்ற நப்பாசை. தீபாவளி சமயத்தில் ஒரு ஃப்ளாப்பி திரும்பி வந்தது. மேலே என் கையெழுத்தில் ‘கதவு’. ஆவலோடு போட்டுப் பார்த்தால்... உள்ளே பந்தி! என் தத்துவத்தை அழித்துவிட்டு அதில் ரசம் ஊற்றியிருந்தார்கள்.

“ஏன்னா, பொறாமையா இருக்கா?” என்றாள் என் மனைவி ஜெயா.

“பொறாமை இல்லை. ஆதங்கம்.”

“ரெண்டுக்கும் ஒரே மாத்திரைதான். இந்தாங்கோ, ஜெலுசில்.”

நான் சும்மா இருக்கவில்லை. விதி ஆறைச் சுட்டிக்காட்டி, முழுவதும் ஆடிவிட்டு மறுபடி மதிப்பெண் இடும்படி சென்டருக்கு மனு எழுதினேன். பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். பதில் இல்லை. இரண்டாவது நினைவூட்டலுக்கு சென்டரின் மேனேஜர் கவிதா போன் செய்தார். நல்ல பெண்.

“சார், நாங்க டெய்லி ட்ரை பண்றோம் சார். மூணாவது ரூம்ல மாட்டிக்கிறோம். கீபோர்டுல ஒரு கீ கூட பாக்கியில்ல. ஒரு ஹிண்ட் குடுங்க சார், ப்ளீஸ்.”

“முடியாதம்மா. நீங்க எழுத்து மூலமாப் பதில் போடுங்கோ.”

கார்த்திகையில் ஒரு ஞாயிறு, ரங்கன் தம்பதி சாப்பிட வந்தார்கள். வெண்டைக்காய் வத்தக்குழம்பு. சாப்பிட்டதும் மைத்துனி தன் கணவரை விரட்டினாள். “அத்திம்பேர் அவ்வளவு கஷ்டப்பட்டுப் பண்ணியிருக்கார். ஒரு தடவை உக்காந்துதான் பாருங்கோளேன்.”

ரங்கன் உட்கார்ந்தார். முதல் இரண்டு அறைகளை எப்படியோ தாண்டினார். மூன்றாவதில் வழக்கம்போல் டக்கு டக்கென்று தட்ட ஆரம்பித்தார். நான் பின்னால் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோது கீழே ஹாரன் சத்தம். தண்ணீர் லாரி! ரங்கனை அங்கேயே விட்டுவிட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு மற்ற எல்லாரும் ஓடினோம்.

திரும்பி வந்து பார்த்தால், திரையில் கதவு விரியத் திறந்திருக்கிறது. உள்ளே நான் வரைந்த சூரியன். எதிரே ரங்கன், வாயும் விரியத் திறந்து, குறட்டையில்.

உலுக்கினேன். விழித்தார். “தொறந்துடுத்தா? பேஷ்! ஆனா நான் என்னத்தை அமுக்கினேன்னுதான் தெரியலை அண்ணா.”

ஊர் உலகத்தில் என் விளையாட்டை முடித்த ஒரே ஆள்... அதுவும் இவரா?

இருந்தாலும் கடமை கடமைதான். ‘விளையாட்டை முடித்த நபர் ஒருவர் உள்ளார்’ என்று சென்டருக்கு எழுதினேன். கவிதா மறுபடி போன் செய்தார். விதி ஒன்பதின்படி, நடுவர்கள் முன்னால் எழுதியவர் கீபோர்டைத் தொடக் கூடாது. ஆகவே அந்த நபரை அழைத்துவாருங்கள், நடுவர்கள் முன்னால் ஆடிக் காட்டட்டும், அதையே முழு ஆட்டமாகக் கொள்கிறோம் என்றார்.

எனக்குக் கதி கலங்கியது. விழித்திருக்கும் ரங்கன் ஐந்து விநாடி சும்மா இருக்கமாட்டார். ரகசியத்தைச் சொல்லலாமா? பரீட்சைக்கு முன்னால் விடை சொல்வது முறையல்ல. விதிகளை முதலிலிருந்து படித்தேன். ஆடுபவருக்கு விடை சொல்லக் கூடாது என்று இருந்தது. ஆடுபவருக்குச் சாப்பாடு போடக் கூடாது என்று எங்கும் இல்லை.

மார்கழியில் அந்த நாள் வந்தது. ரங்கனை தி. நகரில் ஒரு மெஸ்ஸுக்கு அழைத்துப் போனேன். அவர் இலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தேன். பருப்பு தீர்ந்தால் பருப்பு. “இங்கே மோர்க்குழம்பு கொண்டாப்பா!” சாதம் குறைந்தால் சாதம். “பாயசம் இந்தப் பக்கம் வரலியே!”

“போதும் அண்ணா, என்ன இப்படி உபசாரம் பண்றேள்?” என்று நெகிழ்ந்துபோனார். கடைசியில் கட்டித் தயிர். அவர் இலையை மூடப் போனபோது, “ஒரு கரண்டி, ஒரே ஒரு கரண்டி” என்று கையைப் பிடித்துவிட்டேன். அப்போதுதான் உறைத்தது... இத்தனை நேரம் நான் ஆடிக்கொண்டிருந்தது யாருடைய விளையாட்டு?

சென்டரில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார் ரங்கன். கம்ப்யூட்டருக்காகப் போட்ட ஏ.சி. அறை. நான் கண்ணாடிக்கு வெளியே, முனுசாமி பக்கத்தில். மூன்றாவது அறை வந்தது. ரங்கன் தட்டினார். திறக்கவில்லை. நடுவர்களிடம் ஏதோ ஜோக் சொன்னார். மறுபடி தட்டினார். வாழ்க்கையில் நான் எழுதிய ஒரே விளையாட்டு, நான் பொறாமைப்படும் மனிதரின் இமையில் தொங்கிக்கொண்டிருந்தது.

“இன்னா சார், கை நடுங்குது?” என்றார் முனுசாமி.

“ஏ.சி.”

“ஏசி உள்ளாற கீது சார்.”

மெதுவாக ரங்கனின் கை கீபோர்டிலிருந்து நழுவி மடிக்கு வந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்தது. நடுவர்கள் ஏதோ தியானம் என்று நினைத்து மரியாதையாகக் காத்திருந்தார்கள். ஐந்து நிமிடம். கதவு திறந்தது. சூரியன்!

கைதட்டல் கேட்டு ரங்கன் திடுக்கிட்டு விழித்தார். “போதும் போதும், தயிர் போதும்!”

முடிவைத் தபாலில் தெரிவிப்பதாகச் சொன்னார்கள். நான் தினமும் தபால்காரரை மாடிப்படியிலேயே மறித்தேன். பொங்கல் போனது.

போன வெள்ளிக்கிழமை ரங்கனிடமிருந்து போன்.

“அண்ணா, சென்டர்லேர்ந்து ஒரு லெட்டர் வந்திருக்கு.”

“எனக்கா?”

“எனக்கு. படிக்கறேன், கேளுங்கோ.”

படித்தார். விதி ஆறு இனிக் கண்டிப்பாகப் பின்பற்றப்படுமாம். ‘கதவு’க்கு அடுத்த போட்டியில் மறுபடி மதிப்பெண் இடப்படுமாம். எந்த விளையாட்டையும் கடைசிவரை ஆடி முடிக்கும் பொறுமையும் மன ஒருமையும் உள்ளவர் என்பது கண்கூடாகத் தெரிந்துவிட்டதால், அடுத்த போட்டிக்குத் திரு. ரங்கனையே நடுவராக நியமிக்கிறார்களாம்.

விதிப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். உறவினர் நடுவராகக் கூடாது என்று ஒன்று இருந்தே தீர வேண்டும். இருந்தது. விதி எட்டு: ‘இரத்த சம்பந்தமுள்ளவர்கள் கூடாது.’ ஷட்டகரிடம் எனக்கு இரத்தக் கொதிப்பு உண்டு. இரத்த சம்பந்தம் இல்லை.

“கவலைப்படாதேங்கோ அண்ணா,” என்றார் ரங்கன், போனை வைப்பதற்கு முன்னால். “உங்க கதவுக்கு நான் பாத்துப் போடறேன்.”

மனு கொடுத்தவன் நான். நினைவூட்டியவன் நான். மெஸ்ஸில் பில் கொடுத்தவனும் நான். கோப்புக்காக இதையும் பதிந்துவைக்கிறேன்: பதில் வந்த நாள், தை மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை. வந்து சேர்ந்த இடம், மேற்கு மாம்பலம்.