கவ்வாத்து வெட்டிய ஃபைல்

கையெழுத்து கோணல், எழுத்துப்பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவனைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இலங்கை மலைநாட்டின் வட்டவளையில் எங்கள் வீட்டின் இரண்டு அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுகிறோம். அந்நியரோடு பேச எனக்கு வராது. அறை விடும் மற்றவர்கள் ரயில் ஸ்டேசனில் 'அறை உண்டு' என்று எழுதிய அட்டையைப் பிடித்து ஆள் கூப்பிட, நான் தப்பித்திருந்தது ஓர் இணையப்பக்கத்தால். அட்டனில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தும் என் தங்கை மகள் செய்து கொடுத்தது. அறை காலியா என்று காட்டும் ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலில் எனக்காகத் தமிழில் குறிப்பும் எழுதியிருந்தாள்: "மாமா, இங்க மட்டும் கை வைங்க."

ஆனால் அந்தப் பக்கம் திறப்பதற்குள் பயணியின் ரயில் அடுத்த ஸ்டேசனுக்குப் போய்விடும். அவ்வளவு வேகம்.

"இது சரிப்படலன்னா நீங்களும் போய் அட்டை புடிங்க," என்றாள் மனைவி. "வாய என்ன வாடகைக்கா விட்டிருக்கீங்க?"

பயந்துபோய்த் தங்கை மகளைக் கூப்பிட்டேன். வந்தாள்.

"இடைவெளி, குறிப்பு எல்லாம் மனுசருக்குத்தான் மாமா, மெஷினுக்கு வேணாம். நீளமான பேரையும் ஓரெழுத்தா ஆக்கிட்டா ஃபைல் சின்னதாயிரும். சர்வர் அதையும் அமுக்கி அனுப்பும்."

பக்கம் பக்கமாக இருந்தது ஒரே வரியாயிற்று. இணையப்பக்கம் உடனே திறந்தது.

எனக்கு விளங்கிவிட்டது: இது கவ்வாத்து, கிளைகளைக் கழித்துவிடுவது. தோட்டத்தில் இருபது வருடம் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டியவன் நான். எவ்வளவு வெட்டினாலும் செடி மறுபடி தளிர்க்கும். வெட்டிய கிளையை யாரும் பத்திரப்படுத்துவதில்லை. ஆகவே என் லேப்டாப்பில் இருந்த, வெட்டாத பழைய ஃபைலை அடியோடு அழித்தேன். வேலையில் சுத்தம் முக்கியம்.

அடுத்த வாரம் ஓர் அறையின் கூரை ஒழுகியது. அந்த அறை இல்லை என்று மாற்ற ஃபைலைத் திறந்தேன். கை வைக்கச் சொன்ன இடத்தையே காணவில்லை. குத்துமதிப்பாக ஓர் அடைப்புக்குறியை எடுத்துவிட்டு ஏற்றினேன். அறைகள் இரண்டும் மறைந்து வெள்ளைப் பக்கம் வந்தது. அது மட்டும் மின்னலாகத் திறந்தது.

போனில் அவள், "பழைய ஃபைல எடுத்துப் போடுங்க மாமா," என்றாள்.

"அத அழிச்சிட்டேனே."

"ஏன்?"

"தளிர்க்கும்னு நெனச்சேன்."

சிரித்து முடிக்க அவளுக்கு நேரம் பிடித்தது. "உங்க லேப்டாப்புலதான் வச்சிருந்தேன், எங்கிட்டயும் இல்ல. அந்த ஒத்த வரியில தேடுறதவிட முதல்லேருந்து எழுதுறது லேசு, ரெண்டு வாரமாகும்."

இன்று காலை ஸ்டேசனில் அட்டையோடு நின்றேன். வாய் திறக்கவில்லை. சுற்றிலும் பத்துப் பேர் கத்தியதாலோ என்னவோ, ஒரு வெள்ளைக்காரத் தம்பதியர் நேராக என்னிடம் வந்தார்கள். மனைவிக்கு ஒரே சந்தோசம். பக்கம் சரியானாலும் தினமும் நான் போக வேண்டுமாம்.

எழுதியது: ஏப்ரல் இரண்டாம் தேதி.