ஸ்க்ரூ மேல் விழுந்த தாயத்து நிழல்

எக்ஸ்ரே அண்ணன் இறந்துவிட்டார்.

காலையில் பால் வாங்கப் போன தம்பி, பஸ் ஸ்டாப்பில் வைத்திருந்த கண்ணீர் அஞ்சலி பேனரைப் போட்டோ எடுத்து அனுப்பினான். அவர் பெயர் பழனிவேல் என்பதே அதைப் பார்த்துத்தான் தெரியும்...

போன வருஷம் கோழிப்பண்ணை வேலைக்கு எங்களை ஏற்றிப் போன வேன் கவிழ்ந்ததில், எனக்கு இடுப்பெலும்பு பின்பக்க மூட்டில் விலகிவிட்டது. நாமக்கல்லில் ஆபரேஷன். இரண்டு நீள ஸ்க்ரூ. ஒரே ஆணியில் மாட்டிய படம் சாய்ந்துவிடும், இரண்டு ஆணி என்றால் அசையாது என்று டாக்டர் சொன்னார்.

வீட்டில் ஆறு வாரம் மல்லாந்தே கிடந்தேன். ஃபேன், கூரை... அவ்வளவுதான்.

அப்போது அம்மா, மந்திரித்த செப்புத் தாயத்து ஒன்றை என் இடுப்புக் கயிற்றில் கோத்துவிட்டார். "யாரு கேட்டாலும் கழட்டாத சாமி. கழட்டுனா காலு வராது."

செக்கப் அன்று டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்தார். "ஒரு ஸ்க்ரூ வெளிய வந்த மாதிரி தெரியுதும்மா. மறுபடியும் தொறக்கணும்."

அம்மா அங்கேயே அழுதார். படம் எடுத்தபோது தாயத்து இடுப்பின் பக்கவாட்டில், ஸ்க்ரூ போட்ட இடத்துக்கு மேலேயே சரிந்து கிடந்தது எனக்குத் தெரியும். சொன்னால் கழட்டச் சொல்வார்கள்.

"இன்னொரு படம் எடுத்துப் பாத்துரலாங்க டாக்டர்" என்று படம் எடுத்த எக்ஸ்ரே அண்ணன்தான் ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளினார். அம்மாவை வெளியே நிற்கச் சொன்னார்.

"இடுப்புல ஏதாச்சும் கட்டிருக்கியா சாமி?"

கயிற்றைக் கையால் மூடிக்கொண்டேன்.

"கழட்ட வேண்டாம். மேல ஏத்தி உட்டுக்க. நான் செவுத்தப் பாத்து நிக்கறேன். முடிஞ்சதும் இருமு, போதும்."

இருமினேன்.

புதுப் படத்தில் இரண்டு ஸ்க்ரூவும் போட்ட இடத்திலேயே இருந்தன.

"மொதப் படத்துல என்னய்யா பண்ணுன?" என்று டாக்டர் சத்தம் போட்டார்.

"எக்ஸ்ரே பிளேட்டுல அழுக்குங்க. தொடைக்காம எடுத்துட்டேன். என் தப்புங்க."

"இத்தன வருசமா என்னத்தப் பழகுன நீ..."

எல்லார் முன்னாலும் திட்டு வாங்கினார். நான் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன்.

அடுத்த செக்கப்பில், "என்ன சாமி, இருமல் நின்னுருச்சா?" என்றார். சிரித்துவிட்டேன். அப்போதாவது டாக்டரிடம் சொல்லியிருக்கலாம்...

இன்று மதியம் எடுக்கிறார்களாம். போகணும் என்றேன்.

"அவரு உனக்கு யாருடி?" என்றார் அம்மா.

அதற்குப் பதில் சொன்னால் தாயத்தை நகர்த்தியதையும் சொல்ல வேண்டும். உள்ளே வந்துவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு இதை டைப் செய்கிறேன்.

அந்த பிளேட்டில் அழுக்கே இல்லை.

போய்ட்டு வாங்கண்ணா.