மாப்பிள்ளைச் சேவலின் விரல்

எனக்குக் கல்யாணமாகி எட்டு மாசம் ஆகியும் வீட்டுக்காரருக்கும் எனக்கும் நடுவில் பேச்சு ரெண்டே வார்த்தை. சோறு போடும்போது "போதுமா" என்பேன். "போதும்" என்பார். அத்தை, அதாவது என் மாமியார், எதிரில் உட்கார்ந்திருப்பார்கள். நான் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவேன். கூச்சம் எனக்குப் பிறவியிலேயே உண்டு. மூணாம் வகுப்பு வாத்தியார் பெயர் கூப்பிட்டபோதே பதில் சொல்லாமல் நின்றவள் நான்.

வில்லியனூரை அடுத்த எங்கள் ஊரிலிருந்து அவர் தினமும் டவுனுக்கு நடந்து போவார். அங்கே ஒரு பிரெஞ்சுக்கார துரை பங்களாவில் தோட்ட வேலை. அந்த துரைசாணி குட்டைக் கோழி வளர்த்தார்கள். ஒருநாள் வீட்டுக்காரர் சாயங்காலம் வந்து துண்டை அவிழ்த்தார். தவிட்டுக்குள் ஆறு முட்டை. புறா முட்டையைவிடக் கொஞ்சம்தான் பெரிசு.

"துரைசாணி குடுத்தாங்க. நம்ம கருப்புக் கோழி அடையில இருக்குதில்ல, அதுங்கிட்ட வெச்சுடு" என்றார். எனக்கென்று அவர் சொன்ன முதல் நீளப் பேச்சு அது.

மூணு பொரித்தது. ஒன்றைக் காக்கை தூக்கிக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியது ரெண்டு. அதுகளுக்குக் காலெல்லாம் பஞ்சு. விரல் நுனிவரைக்கும் மூடிக்கொண்டிருக்கும். வெள்ளைப் பாவாடை தடுக்கி நடக்கிற குழந்தை மாதிரி நடக்கும்.

அஞ்சாம் நாள் நான் ஒரு காரியம் செய்தேன். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் கோழிக்கு ஒரு அடையாளம் உண்டு. மேயப்போன கோழி அடுத்த வீட்டுக் கோழியோடு கலந்துவிட்டால் காலைத் தூக்கிப் பார்ப்பார்கள். என் அம்மா வீட்டில் வலது கால் வெளிவிரலின் நுனி. குஞ்சாக இருக்கும்போதே அருவாமணையில் ஒரு நறுக்கு, மேலே மஞ்சள். நான் பத்து வயசிலிருந்து செய்தது. அத்தை நடவுக்குப் போயிருந்த நேரம், பெரிய குஞ்சைப் பிடித்து நறுக்கிவிட்டேன். அது கத்திய கத்தலில் இன்னொன்றை அப்படியே விட்டுவிட்டேன். ரெண்டு வாரத்தில் காயம் ஆறி, இறகு மூடிக்கொண்டது. நானும் மறந்தேன்.

பெரியது சேவலாயிற்று, மற்றது பெட்டை. சேவல் உடம்பில் ஒரு வேற்று இறகு கிடையாது, பால் வெள்ளை. நெஞ்சைத் தூக்கிக்கொண்டு அது நடக்கிற நடையைப் பார்த்து அத்தை, "பொண்ணு பாக்க வந்த மாப்ள கணக்கா இன்னாடி நடக்குது" என்றார்கள். அதிலிருந்து அது மாப்பிள்ளை.

வருஷத்துக்கு ஒருமுறை டவுன் தோட்டத்தில் செடி கொடிகளோடு கோழிகளையும் வைத்துப் பார்த்துப் பரிசு கொடுப்பார்களாம். துரைசாணி எந்தக் குஞ்சை வளர்க்கக் கொடுக்கிறார்கள், எதை அறுக்கக் குசினிக்கு அனுப்புகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே வீட்டுக்காரர் லட்சணம் படித்திருந்தார். மாப்பிள்ளையை அங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. வேறு எதற்கும் ஆசைப்படாத மனுஷர்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் உரலைக் கவிழ்த்து அதன்மேல் சேவலை நிறுத்துவோம். அது என் கைக்குத்தான் அடங்கும். நான் பிடித்துக்கொள்வேன், அவர் சுற்றிச் சுற்றி வந்து கேட்பார்.

"கொண்டையில எத்தினி பல்லு?"

"அஞ்சு."

"சாயுதா?"

"இல்ல."

"றெக்க?"

"ஒட்டினாப்ல இருக்குது."

போன வாரம் எண்ணின பல்லையே இந்த வாரமும் எண்ணினோம். அது ஏன் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அத்தைக்கும் தெரிந்திருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போவார்கள்.

கால் இறகு ஒடியக் கூடாது என்று கூடைக்குள் ஆற்று மணலைப் பரப்பி வைத்தேன். மழை நாளில் கீழேயே விடவில்லை. பூந்திக்கொட்டையை ஊறவைத்து நுரைத்த தண்ணியில் குளிப்பாட்டி, வெயிலில் மடியில் வைத்து ஈரத்தை ஒற்றி எடுத்தேன். "புருஷனுக்கு எண்ணெ தேச்சு வுடல, கோழிக்குக் குளியலு" என்று அத்தை இடித்துக் காட்டினார்கள்.

பரிசுக்கு ரெண்டு நாள் இருக்கும்போது அவர் சொன்னார். "விரலெல்லாம் எண்ணுவாங்களாம் புள்ள. ஒரு விரலு கொறஞ்சாலும் தள்ளிடுவாங்களாம். நமக்கு இன்னா பயம்?"

அஞ்சாம் நாள் நறுக்கினது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. இறகு மூடியிருந்ததால் அவர் பார்த்ததே இல்லை. சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவர் சேவலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டேன். மறுநாளும் அப்படியே போயிற்று.

என் கைக்குத்தான் சேவல் நிற்கும் என்பதால் என்னையும் கூட்டிப்போனார். வழி நெடுக கூடை என் இடுப்பில். சொல்லு, சொல்லு என்று மனசு அடித்துக்கொண்டது. கூடைக்குள் கையை விட்டு அந்த விரலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

தோட்டத்தில் மரத்தடியில் நீளமான மேசை. கோழிகளைப் பார்த்துப் பரிசு சொல்ல வந்தவர் வெள்ளைக்கார மாட்டு டாக்டர். பக்கத்தில் அவர் பேச்சைத் தமிழில் சொல்ல ஒரு குமாஸ்தா. டாக்டர் மாப்பிள்ளையை உள்ளங்கையில் ஏந்திக் கனம் பார்த்தார். விசிறி மாதிரி இறக்கையை விரித்தார். முதுகு இறகை ஊதி அடியில் நிறம் பார்த்தார். ஏதோ சொன்னார்.

"இந்த வரிசையில இதான் நல்லா கீதுங்கிறாரு" என்றார் குமாஸ்தா. வீட்டுக்காரர் கழுத்தைச் சொரிந்துகொண்டார். சந்தோஷம் வந்தால் அப்படித்தான் செய்வார்.

அப்புறம் டாக்டர் கால் இறகை விலக்கினார். இடது கால். பிறகு வலது. அவர் கை அங்கேயே நின்றது.

"பொறப்புலயே இப்டியா, இல்ல ஏதாச்சும் அடிபட்டுச்சா?" என்று குமாஸ்தா கேட்டார்.

வீட்டுக்காரர் குனிந்து பார்த்துத் திகைத்துப் போனார். பிறகு, "எங்க வூட்ல யாரும் அது மேல கை வெக்க மாட்டாங்க சாமி. பொறந்ததே அப்டித்தான் இருக்கும்" என்றார். என்னை அவ்வளவு நம்பினார்.

டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். குமாஸ்தா சொன்னார்: "அப்போ இத வெச்சுக் குஞ்சு எடுக்க வாணாங்கிறாரு. வம்சத்துக்கே அந்தக் கொற வருமாம். கொழம்புக்கு ஆவும், கொண்டு போங்க."

வீட்டுக்காரர் முகம் வாடியதைப் பார்த்தேன். சேவல் என் கையில் தலையைச் சாய்த்து என்னையே பார்த்தது.

"நான்தான் வெட்டினேன்."

"இன்னாது? சத்தமா சொல்லும்மா" என்றார் குமாஸ்தா.

"நான்தான் வெட்டினேன்!" நான் கத்தியதில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள். "பொறக்கும்போது நாலு விரலும் இருந்துச்சு. அருவாமணையில நறுக்கினேன்."

"எதுக்கும்மா?"

"அடையாளத்துக்கு."

குமாஸ்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே டாக்டருக்குச் சொன்னார். டாக்டர் கட்டை விரலால் அந்த நுனியைத் தடவி, தழும்பைப் பார்த்துத் தலையாட்டினார். அட்டையில் ஏதோ எழுதினார். பரிசு கிடையாது, ஆனால் சேவல் உசத்தி, குஞ்சு எடுக்கலாம், அடுத்த வருஷம் குஞ்சைக் கொண்டுவந்து காட்டச் சொல்கிறார் என்றார் குமாஸ்தா.

திரும்பும்போது வீட்டுக்காரர் எனக்கு முன்னால் விடுவிடுவென்று நடந்தார். கோபம் என்று நினைத்தேன். ஒரு புளியமரத்தடியில் கூடையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார்.

"இவ்ளோ சத்தம் உனக்கு வருமா புள்ள?"

"மன்னிச்சுக்குங்க."

"அது கெடக்கட்டும். சுத்துப்பட்டுல காலுல றெக்க மொளச்ச கோழி நம்ம வூட்ல மட்டுந்தான். இத எவன் தன் வூட்டுதுன்னு சொல்லுவான்? இதுக்கு அடையாளமா?" என்று சொல்லிவிட்டு அவர் சிரிக்க ஆரம்பித்தார். கூடை ஆடியது. உள்ளேயிருந்து மாப்பிள்ளை கொக்கரித்தது.

வீட்டில் அத்தைக்கு வேறு விஷயம்தான் பெரிசாகப் பட்டது. "வலது காலா? நம்ம வூட்டு அடையாளம் எடது காலு நகம்டி. எங்க வூட்டுக் கோழிக்கு உங்கம்மா வூட்டு முத்திரையா? நாளைக்கு உங்கம்மா வந்து காலத் தூக்கிக் காட்டிட்டு ஓட்டிக்கினு போவா, நான் வாயப் பாத்துக்கினு நிக்கணும்!"

அடுத்த அடை வைத்தபோது அந்தக் குட்டைப் பெட்டை இட்ட ஏழு முட்டை. நறுக்கின விரல் குஞ்சுக்கு வராது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் இருபத்தொரு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அஞ்சு பொரித்தது. அத்தைதான் ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் மல்லாத்தினார்கள். ஈரப் பஞ்சை விலக்கி நான் எண்ணினேன், ரெண்டு காலுக்கும். அவர் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"எத்தினி?"

"நாலு."

"அடுத்தது?"

"அதுவும் நாலு."

அஞ்சையும் எண்ணி முடித்ததும் அத்தை எழுந்துபோய் அருவாமணையை எடுத்தார்கள். குஞ்சுகள் வளர்ந்து கூவுகிற வரைக்கும் அது அவர்கள் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது. காய் நறுக்க வேண்டுமானால் நான் கேட்டு வாங்க வேண்டும்.