தள்ளினால் ஓடும் கம்பி

விமானங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன் என்றால், எங்கள் சொந்தக்காரர்கள் நான் இறக்கை செய்கிறேன் என்றோ இன்ஜின் செய்கிறேன் என்றோ நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு திருகாணியைக்கூட நான் முறுக்கியதில்லை. விமானம் விழுந்தால் உடைந்த இரும்பைப் பார்க்க நூறு பேர் வருவார்கள். அதை ஓட்டியவரின் கண் அப்போது எங்கே இருந்தது, கை எதைத் தொட்டது, காதில் என்ன விழுந்தது என்று பார்க்க என்னைப் போல் இரண்டொருவர் வருவோம். முப்பது வருஷம் அந்த வேலையைத்தான் செய்தேன். ஆனால் நான் கலந்துகொண்ட முதல் விபத்து விசாரணையில் விமானமே இல்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது. என்னைச் சாட்சியாக நிறுத்தியிருந்தார்கள். குற்றவாளியாக நின்றவர் என் அப்பா.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கையில், ஹட்டனிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் போகிற பாதையில் இருந்தது. வெள்ளைக்காரத் துரைகள் இன்னும் பங்களாவைக் காலி செய்யாத காலம். தோட்டத்தில் இரண்டு பிரிவுகள். பிரிவை எங்கள் பக்கம் 'கணக்கு' என்பார்கள். ஒன்று மேற்கணக்கு, மற்றது கீழ்க்கணக்கு. இரண்டிலும் மலையில் பறித்த கொழுந்தைப் பள்ளத்தில் இருந்த தொழிற்சாலைக்கு, அதாவது நாங்கள் சொல்லும் ஸ்டோருக்கு, இறக்கியாக வேண்டும். தலைச்சுமையாக இறக்கினால் அரைநாள் போய்விடும், கொழுந்தும் வெந்துவிடும். அதனால் கணக்குக்கு ஒரு கம்பி போட்டிருந்தார்கள்.

மேலே ஒரு கொட்டகை, அதற்குள் ஆள் உயரச் சக்கரம். சக்கரத்தைச் சுற்றிய கம்பிவடம் பள்ளத்தின் மேல் அந்தரத்தில் போய், ஸ்டோர் வாசலில் இன்னொரு சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு திரும்பி வரும். கொழுந்து மூட்டையைக் கொக்கியில் மாட்டிவிட்டால் தன் பாரத்திலேயே அது கீழே ஓடும். அந்த இழுப்பில் மறுபக்கத்து வெறும் கொக்கி மேலே வரும். ஓட்டத்தை அடக்குவதற்குச் சக்கரத்தின் பக்கத்தில் இடுப்பளவு இரும்புப் பிடி ஒன்று நின்றது. அதுதான் பிரேக்.

அப்பா பதினோரு வருஷம் கீழ்க்கணக்குக் கம்பியில் இருந்தவர். அங்கே பிடியை முன்னால் தள்ளினால் சக்கரம் நிற்கும். மேற்கணக்குக் கம்பியை வேறொரு துரை, வேறொரு காலத்தில் போட்டிருந்தார். அங்கே பிடியை நெஞ்சுப் பக்கம் இழுத்தால்தான் நிற்கும், தள்ளினால் ஓடும். ஏன் இப்படி என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. மேற்கணக்குக் கம்பிக்காரர் வயதாகி ஓய்ந்தபோது, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா அப்பாவைக் கூப்பிட்டார். "ஒனக்குத்தான் கை பழகியிருக்கே, நாளைக்கே மேல போயிரு" என்றார். கை பழகியிருந்தது உண்மைதான்.

மூன்று மாதம் ஒரு குறையும் வரவில்லை. பள்ளிக்கூடம் பகலோடு விட்டுவிடும். நான் ரொட்டியும் சம்பலும் எடுத்துக்கொண்டு மேலே ஏறுவேன். அப்பா சாப்பிட்டு முடித்ததும் சாக்குக் குவியலில் உட்கார்ந்து அவர் வேலை செய்வதைப் பார்ப்பேன். கம்பிவடத்தில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கும். அது கொட்டகையை நெருங்கினால் மூட்டை ஸ்டோரை நெருங்கிவிட்டது என்று அர்த்தம். அப்பா இரண்டு கையாலும் பிடியை மெதுவாகத் தன் பக்கம் இழுப்பார். கீழே மூட்டை பூனை மாதிரி போய் நிற்கும். அங்கே அதைப் பிடித்து இறக்குகிறவர் என் சித்தப்பா. வெயில் நாளில் அவருடைய தலைப்பாகை ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும்.

அன்று வெயில் இல்லை. பனி கொட்டகைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. எதிரே இரண்டு ஆள் நீளக் கம்பிதான் கண்ணுக்குத் தெரிந்தது, அதற்கப்பால் ஒன்றுமில்லை. அப்பா மூட்டையை மாட்டி விட்டார். அது பனிக்குள் போனது. சிவப்புத் துணி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே ஒரு கையைப் பிடிமேல் வைத்திருந்தார். அந்தச் சமயத்தில்தான் கீழிருந்து சித்தப்பாவின் குரல் கேட்டது.

"நிப்பாட்டுண்ணே! முந்தின மூட்ட கொக்கில மாட்டிக்கிச்சு, கழட்டிக்கிட்டு வழியிலயே நிக்கிறேன்! நிப்பாட்டு!"

அப்படி ஒரு குரலைச் சித்தப்பாவிடமிருந்து நான் கேட்டதே இல்லை. அப்பா பிடியை இரண்டு கையாலும் பற்றினார். பற்றி, தள்ளினார்.

சக்கரம் வீறிட்டது. மூட்டை நிற்கவில்லை, இன்னும் வேகமாக ஓடியது. அப்பா காலைத் தூணில் உதைத்துக்கொண்டு, முழு உடம்பையும் சாய்த்து, மேலும் தள்ளினார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "புடிக்க மாட்டேங்குதே! புடிக்க மாட்டேங்குதே!" என்று கத்தினார். நான் மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தவள். இழுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். 'இழுங்கப்பா' என்ற ஒரே சொல் தொண்டைவரை வந்தது. பயத்தில் வாய் திறக்கவில்லை. சிவப்புத் துணி கொட்டகைக்குள் பாய்ந்து, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனது. கீழே தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது.

கீழே பெண்கள் அலறினார்கள். அப்பா பிடியை விட்டுவிட்டுச் சரிவில் உருண்டும் விழுந்தும் ஓடினார். நான் சாக்குக் குவியலை விட்டு அசையவில்லை. அசைந்தால் சித்தப்பா செத்துப்போய்விடுவார் என்று எனக்கு ஏனோ தோன்றியது.

சித்தப்பா சாகவில்லை. மூட்டை அவருடைய இடுப்பில் அடித்துச் சுவரோடு தள்ளியிருந்தது. ஒரு கம்பளியில் போட்டு நாலு பேர் தூக்கி வந்து, ஸ்டோர் லொறியில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். லொறி வளைவில் மறையும்வரை அம்மா நின்று பார்த்தாள். பிறகு என்னை நாங்கள் குடியிருந்த வரிசை வீட்டுக்குள், லயத்துக்குள், இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"நாளைக்கு ஆபீசுக்குக் கூப்புடுவாங்க. கேட்டா எதையும் பாக்கலைனு சொல்லிரு. சாக்கு மேல தூங்கிட்டேன்னு சொல்லு. என்ன, சொல்லுவியா?"

தலையாட்டினேன். அம்மாவின் பயம் எனக்குப் புரியாததல்ல. தோட்டத்தில் ஒருவரை வேலையிலிருந்து நிறுத்தினால் கையில் பத்துச்சீட்டைக் கொடுத்துவிடுவார்கள். சீட்டு வாங்கினவர்களுக்கு லயத்தில் குடியிருக்கும் அறை, எங்கள் பேச்சில் காம்பரா, கிடையாது. போன வருஷம் எங்கள் அடுத்த காம்பராக்காரர்கள் சட்டி பானையோடு ரோட்டில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருந்தேன். அவர்கள் வீட்டுப் பிள்ளை என் வகுப்பு. மழையில் அவள் தலையில் ஒரு அண்டாவைக் கவிழ்த்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நாளைக்கு அண்டாவைக் கவிழ்த்துக்கொள்ளப் போவது நான்தான் என்று முடிவு செய்துகொண்டேன். எங்களிடம் அண்டாகூட இல்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் கூட்டம் கலைந்ததும் ஆபீசுக்குப் போனோம். துரை மேசைக்குப் பின்னால் இருந்தார். அவர் காலடியில் கன்றுக்குட்டி அளவு ஒரு நாய். அது என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கேள்வியெல்லாம் கேட்டவர் கண்டாக்கு ஐயாதான்.

"ஸ்டோர் மேஸ்திரி போயி பிரேக்கப் பாத்துட்டாரு. ஒரு கொறையும் இல்லை. அப்ப நீதான் புடிக்கல. தூங்குனியா, குடிச்சிருந்தியா?"

"சாமி சத்தியமா புடிச்சேன் தொரைங்களே" என்றார் அப்பா. கண்டாக்கு ஐயாவை விட்டுவிட்டுத் துரையைப் பார்த்தே பேசினார். "ஒடம்புல இருந்த பலத்தையெல்லாம் போட்டுப் புடிச்சேன். என் தம்பி தொரைங்களே அவன். புடிக்காம இருப்பேனா?"

துரை என் பக்கம் திரும்பினார். தோட்டத்தில் கற்ற தமிழில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துக் கேட்டார். "பொண்ணு, பயம் வேணாம். நீ என்ன பாத்தது?"

பயம் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பயம் போய்விடும் என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். அம்மா சொல்லிக்கொடுத்ததைத்தான் சொல்ல நினைத்தேன். வாயைத் திறந்ததும் நாய் எழுந்து நின்றது. உள்ளே இருந்ததெல்லாம் அப்படியே கொட்டிவிட்டது.

"அப்பா தள்ளுனாங்க. இழுக்கல. தள்ளுனாங்க."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. "இல்ல தொரைங்களே, நான் புடிச்சேன்" என்ற குரல்தான் கேட்டது. முன்னைவிடச் சன்னமாக இருந்தது.

துரை அடுத்த வாரம் லீவில் சீமைக்குப் போவதாக இருந்தார். கிளம்பும் நேரத்தில் ஒரு புதுத் தலைவலி வேண்டாம் என்று நினைத்திருக்க வேண்டும். அப்பாவுக்குப் பத்துச்சீட்டு கொடுக்கவில்லை. கம்பியிலிருந்து எடுத்து, மழைத்தண்ணீர் வடியக் கான் வெட்டுகிற வேலைக்குப் போட்டார்கள். மேற்கணக்குக் கொட்டகையில் 'கவனம்' என்று இங்கிலீஷில் ஒரு பலகை எழுதி மாட்டினார்கள். பலகையை வாசிக்கக்கூடிய ஒரே ஆள் துரை. அவர் அந்தப் பிடியைத் தொட்டதே இல்லை. அப்பாவின் இடத்துக்கு வந்தவரும் கீழ்க்கணக்கில் பழகியவர்தான். பிடியை யாரும் மாற்றவில்லை. மேற்கணக்குப் பக்கம் பனி இறங்கும்போதெல்லாம் நான் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

சித்தப்பா மூன்று மாதம் கழித்து ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். அப்பாவை அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்தான் மனதுக்குள் அவரைச் சொல்லாத வார்த்தை இல்லை. வேலைக்குப் பயந்து துரை முன்னால் சத்தியம் செய்து பொய் சொன்னவர் என் அப்பா என்ற எண்ணம் எனக்குள் உட்கார்ந்துவிட்டது. ஹட்டனில் மேல்படிப்புக்குப் போனபோதும், பிறகு எல்லாரும் கப்பலேறி இந்தியாவுக்கு வந்து கோத்தகிரியில் குடியேறியபோதும் அது போகவில்லை. அவர் என்ன சொன்னாலும் பாதிதான் நம்புவேன். அது அவருக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன்.

வெகுகாலம் கழித்து, பெங்களூரில் எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில், தரையை விட்டு எழும்பாத ஒரு மாதிரி விமான அறையில் ஒரு விமானியைச் சோதித்தோம். வேறொரு வகை விமானத்தில் பல வருஷம் பறந்தவர். புதிய வகைக்கு மாறி நான்கு மாதம் ஆகியிருந்தது. எல்லாம் ஒழுங்காகச் செய்துகொண்டு வந்தார். எதிர்பாராத நேரத்தில் ஒரு இன்ஜின் நெருப்புப் பிடித்ததாக மணியை அடிக்கவிட்டோம். அவர் கை பழைய விமானத்தில் அந்த இன்ஜினை அணைக்கும் பிடி இருந்த இடத்துக்குப் பாய்ந்து, அங்கே இருந்த வேறொன்றைப் பிடித்து இழுத்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் நின்றுபோனது. வெளியே வந்தவர், சரியான பிடியைத்தான் இழுத்தேன், உங்கள் இயந்திரத்தில்தான் கோளாறு என்றார். படம் பிடித்ததைப் போட்டுக் காட்டினோம். இரண்டு முறை பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. ஆனாலும் தன் கையை அவரால் நம்ப முடியவில்லை.

அவர் பொய் சொல்லவில்லை. பயம் வரும்போது கை புதிய பாடத்தை விட்டுவிட்டுப் பழைய பாடத்துக்குப் போய்விடும். மனமோ, தான் செய்ய நினைத்ததையே செய்ததாக நம்பிக்கொள்ளும். அன்று என் குறிப்பேட்டில் இதைத்தான் எழுதினேன். எழுதி முடித்து வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். அப்பா அதற்கு முந்தின வருஷம்தான் இறந்திருந்தார்.

எனக்கு ஒன்பது வயதில், துரையின் விசாரணை முடிந்த அன்று, நானும் அவரும் மட்டும் ஆபீசிலிருந்து இறங்கி வந்தோம். அம்மா முன்னாலேயே போய்விட்டாள். பாதி வழியில் அப்பா நின்றார். வெறும் காற்றில் இரண்டு கையையும் நீட்டி எதையோ பிடிக்கிற மாதிரி வைத்துக்கொண்டார். முன்னால் தள்ளினார். நெஞ்சுப் பக்கம் இழுத்தார். மறுபடி தள்ளினார். பிறகு என் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"பாப்பா, நெசமாவே நான் தள்ளுனேனா?"

அடுத்த விசாரணைக்காக என் வாயை மாற்றப் பார்க்கிறார் என்று நினைத்தேன். எனக்கு ஆத்திரம் பொங்கியது. "பொய் சொல்லாதீங்கப்பா" என்று கத்திவிட்டு, அவரை அங்கேயே விட்டுவிட்டு லயத்துக்கு ஓடினேன்.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் அதைக் கேட்கவே இல்லை. அன்று அந்தக் கொட்டகையில் என்ன நடந்தது என்று அவருக்கே தெரியாது என்பதும், கேட்டுத் தெரிந்துகொள்ள அவருக்கு உலகத்தில் என்னைத் தவிர வேறு ஆள் இல்லை என்பதும் எனக்கு அப்போது தெரியவில்லை.