ஏழு நாளும் இருபத்தெட்டு

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பதினைந்து வயது மூத்த பொறியாளரும் அப்படித்தான். மரியாதை என்று நினைத்துவிட வேண்டாம். பெயரைத் தெரிந்துகொள்ளும் சிரமம் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான். பதினோரு வருடமாக அவள் ஒப்பந்தத் தொழிலாளி.

ஊரில் உள்ள வீடுகள் கழுவி ஊற்றுவதெல்லாம் பெரிய குழாய் வழியாக வந்து முதலில் ஒரு கம்பித் தடுப்பில் முட்டும். அங்கே நீளமான வாரியோடு அக்கா நிற்பாள். முடிக்கற்றை, கந்தல், பாலித்தீன், டயப்பர், ஒருமுறை யாருடைய வாயிலிருந்து தப்பித்ததோ ஒரு பல்செட், எல்லாவற்றையும் வாரி ஒதுக்குவாள். ஆண்கள் அளவில் ரப்பர் பூட்ஸ் கொடுத்திருந்தார்கள். அதற்குள் தண்ணீர் புகுந்து விரலிடுக்கெல்லாம் புண். இனிமேல் கால் ஈரத்தில் படவே கூடாது என்றார் டாக்டர். சொல்வதற்கென்ன, அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

நிலையத்திலும் ஒரு நாற்காலி காலியாகும் நிலையில் இருந்தது. ஆய்வக உதவியாளர் ஓய்வுபெறப் போகிறார்.

"ஸ்கூல் ஃபைனல் சர்டிஃபிகேட் மட்டும் இந்த வருஷம் கொண்டு வந்துடுங்கக்கா, அந்த சீட் உங்களுக்குத்தான்" என்றார் பொறியாளர்.

தனித்தேர்வராக எழுதி, பல்லைக் கடித்துக்கொண்டு, மற்ற பாடங்களை எல்லாம் அவள் தாண்டியிருந்தாள். கணக்கைக்கூட. மிச்சம் சுற்றுச்சூழல் அறிவியல் மட்டும்தான். அதைக் கடைசிக்குத் தள்ளியதும் அவள்தான். தூங்கிக்கொண்டே எழுதலாம் என்று எல்லோரும் சொன்ன பாடம் அது. அதிலும் ஒரு அத்தியாயம் முழுக்க அவள் வேலை பார்க்கும் இடத்தைப் பற்றியது.

மகளும் அதே வருடம் அதே தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். காலை ஷிஃப்ட் முடிந்து அக்கா குளித்துவிட்டு வர, மகள் பள்ளியிலிருந்து வர, இருவருமாக ஒரே புத்தகத்தைத் தரையில் விரித்துக்கொள்வார்கள். சுத்திகரிப்பு நிலையத்தின் படம் இரண்டு பக்கத்துக்கு வண்ணத்தில் இருந்தது. கடைசித் தொட்டியில் நீல நிறத் தண்ணீர், அதில் இரண்டு வாத்து.

"வாத்து எங்கடி இருக்கு அங்க?"

"வாத்து கேள்வில வராதும்மா. அடுத்த பக்கத்துக்குப் போ."

"தண்ணி இந்தக் கலர்ல நான் ஒரு நாள்கூடப் பார்த்ததில்ல."

"அம்மா, உனக்குத் தெரிஞ்சத எழுதாத. புத்தகத்துல இருக்கறத எழுது. உனக்குத் தெரிஞ்சதுக்கு மார்க் கிடையாது."

சிரித்தாள் அக்கா. சிரித்துக்கொண்டே அன்று மகளிடம் பதிவேட்டுக் கதையைச் சொன்னாள். வெளியே விடும் தண்ணீரின் அழுக்கு அளவு முப்பதைத் தாண்டக்கூடாது என்பது விதி. நிலையத்தின் கெமிஸ்ட் அந்த அளவை மாதம் பிறந்த அன்றே மாதம் முழுவதற்கும் எழுதிவிடுவார். இருபத்தெட்டு, இருபத்தெட்டு, மனம் சலித்தால் ஒரு இருபத்தேழு. அக்கா எடுத்தே வராத தண்ணீருக்கு, "மாதிரி எடுத்தவர்" என்ற கட்டத்தில் அவள் கையெழுத்து. ஒரே மூச்சில் முப்பது. "கைக்கு நல்ல எக்சர்சைஸ், போடுங்கக்கா" என்பார். போடுவாள். பெருமழை கொட்டும் நாட்களில் தொட்டியில் அடங்கியிருக்கும் சேறு கிளம்பி, கறுப்பாக நுரைத்துக்கொண்டு ஆற்றுக்குப் போகும். கீழே துணி துவைப்பவர்கள் தெரிவார்கள். அக்கா வாய் திறக்க மாட்டாள். திறந்தால் மறுநாள் வாரியை வேறு யாராவது பிடித்திருப்பார்கள்.

தேர்வன்று வாசலில் நின்ற ஆசிரியை, "பேரன்ட்ஸ் எல்லாம் வெளியில நில்லுங்க" என்று அவளை மறித்தார். ஹால் டிக்கெட்டைக் காட்டினாள். அந்த அம்மா டிக்கெட்டையும் பார்த்தார், ஆளையும் பார்த்தார், மறுபடி டிக்கெட்டைப் பார்த்தார். உள்ளே போய் உட்கார்ந்தால் பிள்ளைகளுக்காகச் செய்த பெஞ்சில் முட்டி இடித்தது.

ஒரு வரி விடைகள் ஓடிவந்தன. ஓசோனும் அமில மழையும் பாதி வந்தன, பாதி மண்டைக்குள் ஏறவே இல்லை. எழுதிய வரை கூட்டிப் பார்த்தாள். முப்பது தேறும். முப்பத்தைந்து வேண்டும். மிச்சம் ஒரே ஒரு பத்து மதிப்பெண் கேள்வி. அதைப் படித்ததும் அவளுக்கு உயிர் வந்தது.

ஒரு கழிவுநீர் நிலையத்தின் ஏழு நாள் அட்டவணை. மழையளவு, உள்ளே வந்த நீர், வெளியே விட்ட நீரின் அழுக்கு அளவு. நிலையம் சரியாக இயங்குகிறதா? அட்டவணையைக் கொண்டு விளக்குக. அனுமதிக்கப்பட்ட அளவு முப்பது.

ஏழு நாளும் இருபத்தெட்டு.

விடை அவளுக்குத் தலைகீழாகத் தெரியும். முப்பதுக்குக் குறைவு, ஆகவே சரியாக இயங்குகிறது, படம் வரைந்து பாகங்களைக் குறி. மகள் நாலு தரம் ஒப்பிக்க வைத்திருந்தாள். வாத்தில்லாமல் படம் போடவும் பழகியிருந்தாள். ஆனால் கண் நாலாவது நாளில் மாட்டிக்கொண்டது. அன்று பேய்மழை, உள்ளே வந்த நீர் இரண்டு மடங்கு. வெளியே விட்டது மட்டும் அதே இருபத்தெட்டு.

அவளுக்குள் ஏதோ பொங்கியது. இங்கேயும் வந்துவிட்டானா அந்தக் கெமிஸ்ட் என்று இருந்தது. பேனாவை எடுத்தாள். இவை அளந்து எழுதியவை அல்ல, நாற்காலியில் உட்கார்ந்து எழுதியவை என்று ஆரம்பித்தாள். இரட்டைத் தண்ணீர் வந்தால் சேறு எப்படிக் கிளம்பும், எத்தனை மணி நேரத்தில் நுரை கறுக்கும், அது என்ன வாடை அடிக்கும், எல்லாவற்றையும் எழுதினாள். இதை எழுதியவர் மழையன்று தொட்டிப் பக்கமே போகவில்லை, இந்த நிலையம் சரியாக இயங்கவில்லை என்று முடித்தாள். ஒன்றரைப் பக்கம். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக நெஞ்சு லேசாக இருந்தது. வெளியே வந்து, "பிரமாதமா எழுதியிருக்கேன்டி" என்று மகளின் கன்னத்தைக் கிள்ளினாள்.

மகளுக்குத் தொண்ணூற்றாறு. அக்காவுக்கு முப்பத்தொன்று.

நம்ப முடியாமல், விண்ணப்பம் போட்டு விடைத்தாளின் நகல் வாங்கினாள். அது வருவதற்குள், போன வருடம் பள்ளி முடித்த ஒரு பெண் ஆய்வக நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கம்பித் தடுப்பைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. "நான் என்னக்கா பண்றது, ரூல்னு ஒண்ணு இருக்கே" என்றார் பொறியாளர்.

நகலில் அந்த ஒன்றரைப் பக்கத்தின் குறுக்கே சிவப்புக் கோடு. ஓரத்தில், "கேள்விக்குத் தொடர்பில்லாதது." அதன்கீழே ஒரு பூஜ்யம்.

மகள் முழுவதையும் படித்தாள். அவள் முகம் சிவந்தது.

"இது என்னம்மா? நாலு தரம் ஒப்பிச்சியே."

"உள்ளதத்தான் எழுதினேன்."

"மாசம் முப்பது கையெழுத்து போட்டியே, அங்க சொல்லல. இங்க வந்துதான் சொல்லணுமா?"

அக்கா கையை ஓங்கிவிட்டாள். கேள்வி நியாயமானது, அதனால்தான் அத்தனை கோபம். அடிக்கவில்லை. கையை இறக்கி, அதே கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அங்க சொன்னா வேலை போயிடும்டி. இங்க சொன்னா என்ன போகும், மார்க்குதானேன்னு நெனச்சேன்."

மகள் விடைத்தாளை நாலாக மடித்து அவள் மடியில் வைத்தாள்.

"அந்த மார்க்குதாம்மா வேலை."