கருகாத செடியின் அடிமண்

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஆள் நான். சங்கரன்கோவிலில் என் பாத்திரக்கடைக்கு அடுத்தது ஜவுளிக்கடை. அந்த அண்ணாச்சியின் மகள், அடுப்பில் சேலை பற்றி, நெல்லையில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அந்தச் சமயம் பார்த்து நான் எங்கள் சபையாரோடு சீனாய் மலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். ஆறுதல் சொல்லப் போனவன் பேசாமல் வந்திருக்கலாம். அந்த மலையடிவாரத்து மடத்தில் ஒரு முட்செடி இருக்கிறது, ஆண்டவர் அதில் நெருப்பாக வந்தும் அது கருகவில்லை என்று வேதத்தில் உள்ளதை எடுத்துவிட்டேன். அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தச் செடிக்கு அடியில ஒரு பிடி மண்ணு கொண்டாரும் வே. எம்மவ பொழச்சிக்கிடுவா."

கொண்டு வாரேன் என்றேன். வேறென்ன சொல்ல?

மடம் காலையில் சில மணி நேரம்தான் திறந்திருக்கும். சுற்றிலும் மொட்டை மலை, நடுவில் கோட்டை மாதிரி மதில். கூட வந்தவர்கள் பழைய படங்களைப் பார்த்து வாய் பிளந்து நின்றார்கள். எனக்கு எதுவும் ஏறவில்லை. செடியைத் தேடி ஓடினேன். ஆளுயரக் கல்கட்டுக்கு மேலே பச்சைப்பசேலென்று வழிந்து தொங்கியது. அதன் மண் எனக்கு எட்டாது. கல் இடுக்குகளில் ஜனங்கள் ஜெபம் எழுதிச் செருகிய காகிதங்கள். அங்கே நின்ற துறவி அந்தப் பக்கம் திரும்பியதும், கட்டின் அடியில் ஒதுங்கிக் கிடந்த மண்ணை வழித்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். இந்த வயதில் திருட்டு. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது.

பஸ்ஸில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தபோதுதான் புத்தி வந்தது. எங்கள் ஊர்க்காரர் கையில் இந்த மண் போனால் என்ன ஆகும்? கோயில் புற்றுமண்ணை ஊரே சொறிக்கும் தேமலுக்கும் குழைத்துப் பூசும். வேதக்காரியான என் அம்மாவே என் சிரங்குக்கு அதைப் பூசிவிட்டு, பிறகுதான் ஜெபம் பண்ணினாள். அண்ணாச்சியும் பூசத்தான் போகிறார், தோலுரிந்து கிடக்கிற பிள்ளை மேல். தூசி பட்டாலே சீழ் பிடித்துவிடும் என்று டாக்டர் அவரைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தியிருந்தார். கஞ்சி கொடுக்க அவள் அம்மாவை மட்டும் உள்ளே விட்டார்கள். அந்த அம்மா முந்தானையில் மண்ணை முடிந்து அனுப்ப எவ்வளவு நேரமாகும்? என் கையில் இருந்ததோ ஊர்பட்ட பேரின் செருப்புத் தூசியும் பறவை எச்சமும்.

கொடுக்கவும் முடியாது, கொடுக்காமல் போய் நிற்கவும் முடியாது. அன்றைக்கு என் வாயைக் கட்டியிருக்கக் கூடாதா என்று ஆண்டவர்மேலேயே கோபப்பட்டேன். டீக்கு நிறுத்திய இடத்தில் கைக்குட்டையை உதறினேன். அப்போது அழுதேன்.

ஊருக்கு வந்ததும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னைப் பார்த்ததும், கோயிலில் பிரசாதம் வாங்குகிறவர் மாதிரி அண்ணாச்சி இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினார். மண் எடுக்க விடவில்லை என்று பொய் சொன்னேன். பூசக்கூடாது என்று விளக்கப் போனால், பூசுகிற பேச்சை நானே எடுத்துக் கொடுத்ததாகி, அது இல்லாவிட்டால் போகிறது என்று புற்றுமண்ணுக்கு ஓடிவிடுவாரோ என்று பயம்.

"ஒரு நுள்ளு கூடயா வே?" என்றார். கையை மடக்கவில்லை.

நாலாம் நாள் அவள் போய்விட்டாள். மண் படாமலே சீழ் பிடித்திருந்தது.

அண்ணாச்சி என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. காலையில் ஷட்டரைத் தூக்கும்போது இப்போதும் பேசிக்கொள்கிறோம். ஒரு நாள் கடையில் ஆள் இல்லாத நேரம், சேலைகளை மடித்துக்கொண்டே கேட்டார்.

"அந்தச் செடி இப்பமும் பச்சையாத்தான் நிக்கோ?"

"நிக்கி, அண்ணாச்சி" என்றேன்.

அதற்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.