வாழைத் தோட்டத்துக் கத்திக்கு உறை

என் கணவர் போர்வெல் வண்டியில் டிரில்லர். வருஷத்தில் பத்து மாதம் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று வண்டியோடு சுற்றுவார். சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு இருக்கும் இரண்டு ஏக்கர் வாழையும் மரவள்ளியும் என் பொறுப்பு. ஊரில் அதை 'டிரில்லர் தோட்டம்' என்றுதான் சொல்வார்கள். அவர் அதில் கடைசியாக எப்போது மண்வெட்டி பிடித்தார் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

வாழைக்குக் கத்தி இல்லாமல் ஒரு நாள் ஓடாது. காய்ந்த இலையை அறுக்க வேண்டும், பக்கக்கன்றை எடுக்க வேண்டும், முட்டுக் கட்டிய கயிற்றை வெட்ட வேண்டும். மடக்குக் கத்தி வைத்திருந்தேன். வாழைப் பால் இறங்கி மடிப்பு இறுகிப்போய், ஒரு வாரத்தில் பல்லால் கடித்துத் திறக்கிற நிலைக்கு வந்துவிட்டது. மடக்காத நேர்க்கத்தி ஒன்று வாங்கி இடுப்பில் மாட்டிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். சேலைக்கு மேல் அவருடைய பழைய சட்டையும், சட்டைக்கு மேல் பெல்ட்டும் கட்டிக்கொண்டுதான் நான் தோட்டத்தில் இறங்குவது.

அவர் லீவில் வந்திருந்தபோது இருவருமாக நாமக்கல்லுக்குப் போனோம். விவசாயக் கருவிகள் விற்கிற கடை. கத்தியை நான்தான் எடுத்தேன், அதில் தகராறு இல்லை. உறையில்தான் வந்தது. கடைக்காரர் இரண்டு எடுத்து வைத்தார். ஒன்று கெட்டியான கறுப்பு பிளாஸ்டிக். கத்தியைச் செருகினால் டக்கென்று பிடித்துக்கொண்டது. தண்ணீர் வடிய அடியில் ஒரு ஓட்டை. இன்னொன்று தோல். பளபளவென்று, ஓரத்தில் மஞ்சள் நூல் தையல், பிடியைச் சுற்றி ஒரு வார், அதில் அமுக்குப் பட்டன்.

நான் பிளாஸ்டிக்கைக் கையில் எடுத்தேன்.

"அதென்ன பொம்மைக் கத்தி உறையாட்டம்? இதப் பாரு, மாட்டுத்தோலு. ஆயுசுக்கும் வரும்" என்றார் அவர்.

"ஈரம் படுற எடமுங்க. தோலு தாங்குமா?" என்றேன்.

கடைக்காரர் அவரைப் பார்த்து, "வாழைத் தோட்டத்துக்குன்னா..." என்று ஆரம்பித்தார். "நீங்க தோலையே போடுங்க" என்று இவர் முடித்துவிட்டார். கடைக்காரர் தோலையே போட்டார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. கொல்லிமலைப் பக்கமிருந்து இறங்குகிற மழை ஒரு வாரம் விடாது. அது விட்டாலும் காலையில் வாழை இலையிலிருந்து தண்ணீர் கொட்டும். உறை காயவே இல்லை. உள்ளே பூசணம் பிடித்து வாடை வந்தது. கத்தி உள்ளுக்குள்ளேயே துருவேறியது. தோல் ஊறி ஊறி வாய் அகன்றது, பட்டன் துருப்பிடித்து நிற்க மறுத்தது.

போனில் சொன்னேன். "எப்படி அமுக்கினாலும் பட்டன் புடிக்கலீங்க. கத்தி ஆடுது."

"வெயில்ல போட்டு எண்ணெய் தடவு. எல்லாத்துக்கும் எனக்குப் போன் போடாத."

எண்ணெய் தடவினேன். தோல் இன்னும் தொளதொளத்தது. வாரைச் சணல் கயிற்றால் கட்டிக்கொண்டு வேலை பார்த்தேன். பஸ் ஏறினால் நாமக்கல் அரை மணி நேரம். நான் ஏன் போய் வேறு உறை வாங்கவில்லை என்று இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். அவர் வாங்கித் தந்ததை மாற்றினால், லீவில் வரும்போது அதற்கொரு பேச்சு வரும். அந்தப் பேச்சுக்குப் பயந்தேன், அவ்வளவுதான்.

ஒரு நாள் காலை, வாழைத்தார் ஒன்றைத் தோளில் வைத்து வாய்க்காலைத் தாண்டும்போது கால் வழுக்கியது. குப்புற விழுந்தேன். சணல் அவிழ்ந்து கத்தி எனக்கு முன்னால் விழுந்திருக்கிறது. ஊன்றின இடது கை அதன் மேலேயே போய் உட்கார்ந்தது. வலி உடனே தெரியவில்லை. வாய்க்கால் தண்ணீர் சிவப்பாக ஓடுவதைப் பார்த்த பிறகுதான் கத்தினேன். பக்கத்துத் தோட்டத்து அக்கா ஓடிவந்து, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையைச் சுற்றினார். "கையத் தூக்கியே வெய்யி சாமி, கீழ எறக்காத" என்று சொல்லிக்கொண்டே மொபெட்டில் ஏற்றிப் போனார்.

சேலத்தில் ஆபரேஷன் செய்தார்கள். உள்ளங்கையில் நரம்பு அறுந்துவிட்டது, ஒட்டியிருக்கிறோம், பயிற்சி செய்யுங்கள் என்றார் டாக்டர். செய்தேன். மோதிர விரலும் சுண்டு விரலும் இன்றுவரை மடங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அவர் வீடியோ காலில் வந்தார். கட்டுப் போட்ட கையைக் காட்டினேன்.

"பட்டனப் போட்டிருந்தியா?" என்று கேட்டார்.

"பட்டன்தான் போயிருச்சுன்னு சொன்னனுங்களே."

"ஒழுங்கா மாட்டியிருக்க மாட்டே."

என் மாமியார் பக்கத்தில்தான் இருந்தார். "அவன் நல்ல பொருளாத்தான் வாங்கிக் குடுத்தான். பொம்பளைக்கு எதுக்கு இடுப்புல கத்தி?" என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். அவர்களும் தலையாட்டிவிட்டு, வாங்கி வந்த ஆரஞ்சை வைத்துவிட்டுப் போனார்கள்.

கட்டுப் பிரித்து இரண்டு மாதம் கழித்துத் தனியாக அந்தக் கடைக்குப் போனேன். கத்தியையும் கொண்டுபோனேன். இந்த முறை அவசரப்படவில்லை. கறுப்பு உறையில் கத்தியைச் செருகித் தலைகீழாகப் பிடித்து உதறினேன், விழவில்லை. ஒரு பக்கெட்டில் தண்ணீர் கேட்டு வாங்கி முக்கித் தூக்கினேன். அடி ஓட்டை வழியாகத் தண்ணீர் மொத்தமும் வடிந்தது. இடது கை உதவாது என்பதால் வலது கைக் கட்டைவிரலாலேயே பூட்டைத் தள்ளிக் கத்தியை எடுக்க முடிகிறதா என்று பத்துத் தடவை பார்த்தேன். பெல்ட்டில் கோர்க்கிற கொக்கி நழுவுகிறதா என்று குனிந்தும் உட்கார்ந்தும் பார்த்தேன். கடைக்காரர் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோலு ஈரத்துக்கு ஆகாதுன்னு அன்னைக்கே தெரியுமுங்க அம்மிணி" என்றார் மெதுவாக.

"தெரிஞ்சு ஏனுங்க சொல்லல?"

"ஊட்டுக்காரரு கூட இருந்தாருங்களே."

கறுப்பு உறைக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

அந்த உறை அடுத்த மழைக்காலம் முழுக்க என் இடுப்பில் இருந்தது. ஒரு தடவைகூடக் கத்தி ஆடவில்லை. இரண்டு விரல் போனபிறகும் தோட்டத்தை நான்தான் பார்த்தேன். தார் சுமக்க மட்டும் ஆள் வைத்தேன்.

பொங்கலுக்கு அவர் வந்தார். அவருடைய தம்பி வீட்டார் வந்திருந்தபோது, என் பெல்ட்டில் மாட்டியிருந்த கத்தியை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். செருகினார், எடுத்தார், தலைகீழாக உதறினார். "மழைக்கு இதாம்ப்பா சரி. நாந்தான் இத வாங்கச் சொன்னேன்" என்றார். நான் எல்லோருக்கும் காபி ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பொய் சொல்கிற முகமாகவும் அது இல்லை. அவர் அதை நம்பினார் என்றுதான் நினைக்கிறேன்.

பொங்கல் ஓய்ந்து, அவர் போர்வெல் வண்டிக்குத் திரும்பிப் போன மூன்றாம் நாள்தான் தோட்டத்துக்குப் போகப் பெல்ட்டை எடுத்தேன். கத்தியும் இல்லை, உறையும் இல்லை. போன் போட்டேன்.

"நாந்தான் எடுத்துட்டு வந்தேன் புள்ள. இங்க ஒரே சேறு, ஹோஸ் அறுக்க வேணும். உனக்கு இப்பப் பெருசா என்ன வேல? வேணும்னா இன்னொன்னு வாங்கிக்க."

பின்னால் யாரோ அவரிடம் அந்த உறை எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். அவர் என்னை லைனில் வைத்துக்கொண்டே நாமக்கல்லில் கடைக்கு வழி சொன்னார். நான் போனை வைத்துவிட்டேன்.

என் தங்கை கேட்கிறாள், ஒரு உறைக்காகவா அவரோடு மூன்று மாதமாகப் பேசாமல் இருக்கிறாய் என்று. ஆமாம், ஒரு உறைக்காகத்தான்.